காவலின் பாரம்: கேமரன் மலைத் தோட்டங்களும் பழைய கணினிகளும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை 1930களின் தொடக்கத்தில் போட்டு முடிக்கப்பட்டது. தொழிற்சாலை இயந்திரங்கள், அரிசி மூட்டைகள், தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் என்று எல்லாம் அந்த வழியாகத்தான் கேமரன் மலைக்கு ஏறின. கணினியும் அதே வழியாகத்தான் வந்தது. பெரும்பாலும் புதிதாக வரவில்லை. கீழே நகரத்தில் யாரோ பயன்படுத்தி முடித்த பிறகு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் நான் சொல்லப்போகும் வரலாறு விளங்கும்.

நான் இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் தளத்தில் வேலை பார்த்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றேன். பள்ளிக்குக் கணினிகள் வந்தபோது, "கணக்கு டீச்சர்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியர் அந்த அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, பழைய கணினிகளை நடக்க வைப்பதிலேயே போனது. அவற்றை நடக்கவிடாமல் செய்தவற்றுள் முதலிடம் வைரசுக்கு அல்ல, வைரசைத் தடுக்க வைத்த காவலுக்கு.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தை 1885-இல் பதிவு செய்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. ஹாபு, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று ஊர்கள் வளர்ந்தன. பெரிய தோட்டங்களுக்குள் லயங்களும் கோயிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் பள்ளியும் இருந்தன. வெளியுலகத்தோடு தோட்டத்தை இணைத்தது அலுவலகம் மட்டுமே. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் கிராணி, அதாவது எழுத்தர்.

தோட்டத்துக் கணினியின் கதை கிராணியின் மேசையில் தொடங்குகிறது. செக்ரோல் என்பது எங்கள் வாழ்க்கைப் புத்தகம். யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தார், எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார், ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று வரிவரியாக எழுதிக் கூட்டுவார்கள். சம்பள நாளுக்கு முந்திய இரவுகளில் அலுவலக விளக்கு அணையாது. 1990களின் நடுவில் எங்கள் தோட்டத்தில் ஒரு கணினி வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. டாஸ் இயங்குதளம், லோட்டஸ் 1-2-3, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நான் அப்போது இளம் ஆசிரியை. மாலையில் போய்ப் பெரிய கிராணியின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

அன்றைய வைரஸ் மனிதர் கையில்தான் பயணம் செய்தது. லாகூரில் இரு சகோதரர்கள் 1986-இல் எழுதிய பிரெய்ன், டிஸ்கட்டின் முதல் பகுதியில் ஒளிந்துகொண்டு உலகம் சுற்றியது. 1992 மார்ச் 6-ஆம் தேதி வன்தட்டுகளை அழிக்கும் என்று நாளிதழ்களெல்லாம் எச்சரித்த மைக்கலேஞ்சலோவும் அப்படித்தான் பரவியது. கிராணியின் தற்காப்பு எளிமையானது. பெரிய டிஸ்கட்டின் ஓரத்தில் இருக்கும் வெட்டின் மேல் ஒரு வெள்ளிநிறத் தாளை ஒட்டிவிடுவார். அதில் பிறகு எதுவும் எழுத முடியாது. சின்ன டிஸ்கட்டில் ஒரு மூலையில் இருக்கும் சிறு தாழ்ப்பாளைத் தள்ளிவிடுவார். "டீச்சரம்மா, இதுல பூச்சி ஏறிடிச்சின்னா நாளைக்கு சம்பளம் கிடையாது. ஜனங்க என்னைத்தான் கேப்பாங்க" என்பார். பாதுகாப்பு எதற்காக என்பதை எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் அவர்தான். பிறகு நான் போன எந்தப் பயிற்சியிலும் அவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்து ஆன்டிவைரஸ் கூப்பிட்டால் வரும், வேலை முடிந்தால் போய்விடும். டிஸ்கட்டைச் செருகி, சோதிக்கச் சொல்லி, முடிவைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். 1993-இல் மைக்ரோசாப்ட் டாஸ் 6-ஐ வெளியிட்டபோது அதனோடு வி-சேஃப் என்ற ஒரு சிறு நிரலும் வந்தது. அது போகாது. நினைவகத்திலேயே தங்கி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும். 640 கிலோபைட்டுக்குள் எல்லா நிரலும் இயங்கியாக வேண்டிய காலம் அது. அதில் காவலாளிக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்ததால் பெரிய கணக்குத் தாள்களுக்கு இடம் போதவில்லை. கிராணி அதை நீக்கிவிட்டார். காவலுக்கும் வேலைக்கும் இடையே இடத்துக்காக நடந்த முதல் தகராறு, எனக்குத் தெரிந்து, இந்த மலையில் அதுதான்.

விண்டோஸ் வந்த பிறகு, தங்கிவிடும் காவல்தான் வழக்கமாயிற்று. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. வைரஸ் எழுதுகிறவர்கள் டிஸ்கட்டை நம்பியிருக்கவில்லை. 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி சிஐஎச் வைரஸ் ஆசிய நாடுகளில் ஏராளமான கணினிகளின் வன்தட்டையும் உயிர்நாடியான பயாஸ் சில்லையும் அழித்தது. 2000 மே 4-ஆம் தேதி பிலிப்பீன்சிலிருந்து கிளம்பிய காதல் கடித வைரஸ் ஒரே நாளில் உலகைச் சுற்றி வந்தது. 2001-இல் கோட் ரெட், நிம்டா, 2003-இல் பிளாஸ்டர். கோப்பைத் திறந்த பின் சோதித்துப் பயனில்லை, திறக்கும் கணத்திலேயே சோதித்தாக வேண்டும் என்று ஆனது.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பழைய கணினி ஏன் தள்ளாடுகிறது என்பது புரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கங்காணி நின்று, ஒவ்வொரு கூடையையும் கவிழ்த்து, முற்றின இலை இருக்கிறதா என்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் இடையில் புகுந்து அந்தக் கோப்பை நிறுத்தி வைக்கிறது. அதன் உள்ளடக்கத்தைத் தன்னிடமுள்ள வைரஸ் அடையாளப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. சுருக்கி வைத்த கோப்பானால் அதை விரித்துப் பார்க்கிறது. சந்தேகத்துக்குரிய நிரலானால் பாதுகாப்பான கற்பனைக் கணினி ஒன்றுக்குள் அதை ஓட்டிப் பார்க்கிறது. கூடை சரியென்றால்தான் தராசுக்குப் போகும். ஒரு சாதாரண நிரலைத் திறக்கும்போதே பின்னால் நூற்றுக்கணக்கான கோப்புகள் திறந்து மூடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். கங்காணியின் கையிலிருந்த பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. 1980களின் இறுதியில் சில பத்து வைரஸ்கள்தான் இருந்தன. 2008-இல் அது ஒரு மில்லியனைத் தாண்டிவிட்டது.

எங்கள் பள்ளிக்கு 2000களின் தொடக்கத்தில் வந்த கணினிகளில் பாதி, கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் புதியவை வாங்கியபோது நன்கொடையாக அனுப்பியவை. எல்லாம் 128 மெகாபைட் நினைவகம் கொண்டவை. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு மைக்ரோசாப்ட் பரிந்துரைத்த அளவும் சரியாக அதுதான். ஆனால் அது எக்ஸ்பி மட்டும் இயங்குவதற்கான கணக்கு. அதன் மேல் ஆன்டிவைரஸ் ஏறி உட்காரும்போது ஐம்பது, அறுபது மெகாபைட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் பிள்ளைகள் எழுதவும் வரையவும் வேண்டும்.

நினைவகம் போதாதபோது விண்டோஸ் சும்மா இருக்காது. உடனடியாகத் தேவைப்படாதவற்றை வன்தட்டுக்கு எழுதி வைத்து, தேவைப்படும்போது மீட்டுக்கொள்ளும். வன்தட்டு நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. அதே நேரத்தில் ஆன்டிவைரசும் கோப்புகளைச் சோதிக்க அதே வன்தட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. தட்டின் மேல் ஓடும் படிப்பு முனைகளைத் தாங்கும் கை ஒன்றுதான். அது இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். கணினிப் பெட்டிக்குள்ளிருந்து விடாமல் ஒரு கரகர ஒலி வரும், சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், சுட்டியை நகர்த்தினால் அம்பு சற்றுப் பொறுத்து நகரும். செயலியின் வேகத்தைப் பலர் குறை சொன்னார்கள். பழைய செயலிகூட அந்த வேலைக்குப் போதுமானதாகவே இருந்தது. சிக்கியது நினைவகத்திலும் வன்தட்டிலும்தான்.

கணினிப் பாடத்துக்கு இரண்டு பாடவேளை சேர்த்து ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கணினி எழுந்து நிற்கவே அதில் ஒரு பகுதி போய்விடும். அதனால் காலை ஏழு மணிக்கே போய், சபைகூடலுக்கு முன்னால் எல்லாவற்றையும் தட்டி எழுப்பி வைப்பேன். பனிக்காலத்தில் அறை ஜன்னல் கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. கேமரன் மலையில் கணினி அறைக்குக் குளிர்சாதனம் வேண்டாம் என்பது எங்களுக்கு ஒரு வரம். ஆனால் ஈரம் இருக்கிறது, இடி இருக்கிறது. மாலை இடி தொலைபேசிக் கம்பி வழியே இறங்கி மோடத்தை எரித்துவிட்டுப் போகும். வீட்டுக்குக் கிளம்பும் முன் கம்பியைக் கழற்றிவிடுவது தோட்டங்களில் ஒரு பழக்கமாகவே ஆயிற்று.

அதற்குள் வேறொரு தொல்லை. ஆன்டிவைரஸ் தானாகவே வாரம் ஒருமுறை வன்தட்டு முழுவதையும் சோதிக்கும். அதற்கு எங்களிடமிருந்த மென்பொருள் தேர்ந்துவைத்திருந்த நேரம் நண்பகல். அலுவலகத்தில் எல்லாரும் உணவுக்குப் போயிருப்பார்கள் என்பது அதை எழுதியவரின் எண்ணம். நண்பகலில் எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டு அடித்ததும் அறையில் இருந்த எல்லாக் கணினிகளும் ஒன்றாக உறையும். பிள்ளைகள் கையைத் தூக்கிவிடுவார்கள்: "டீச்சர், மறுபடியும் நின்னுடுச்சு!" அந்த நேரத்தை எப்படி மாற்றுவது என்று தேடிக் கண்டுபிடித்த நாள் எனக்கு இன்னும் மகிழ்ச்சி தருகிறது. சனிக்கிழமைக்கு மாற்றினால் கணினி அணைந்திருக்கும், சோதனையே நடக்காது. புதன்கிழமை பிற்பகல், பிள்ளைகள் புறப்பாட நடவடிக்கைக்குத் திடலில் நிற்கும் நேரத்துக்கு மாற்றினேன்.

இதைவிடப் பெரிய அநியாயம் பட்டியலைப் புதுப்பிப்பதில் நடந்தது. ஆன்டிவைரசின் பயன் முழுவதும் அந்தப் பட்டியல் இன்றைய பட்டியலாக இருப்பதில்தான் இருக்கிறது. ஸ்திரீமிக்ஸ் அகலக்கற்றை 2001-இல் நகரங்களுக்கு வந்துவிட்டது. தோட்டத்துக்குள்ளோ தொலைபேசி வழியாக இணையத்தை அழைக்கும் முறைதான் நெடுநாள் இருந்தது. விநாடிக்கு ஐந்து கிலோபைட் வந்தால் நல்ல நாள். இருபது மெகாபைட் பட்டியலை இறக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அதுவும் ஒரு கணினிக்கு. ஒவ்வொரு கணினியும் தனித்தனியே கேட்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே தோட்டத்துக் கணினிகளில் பட்டியல் மாதக்கணக்கில் பழையதாகவே கிடந்தது. பழைய பட்டியலுக்கு எடை குறையாது. அது நினைவகத்தில் அதே இடத்தை எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு கோப்பையும் அதே போல நிறுத்தும், ஆனால் அந்த மாதம் புதிதாகக் கிளம்பிய வைரசை அதற்கு அடையாளம் தெரியாது. நகரத்தில் இருந்தவர்கள் வேகத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார்கள். நாங்கள் அதைவிடப் பெரிய பங்கைக் கொடுத்தோம், பாதுகாப்போ கைக்கு வரவில்லை. இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

எங்கள் கணினிகளுக்கு இணையத்திலிருந்து ஆபத்து அதிகம் வரவும் இல்லை. ஆபத்து பென்டிரைவில் வந்தது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளையும் படவீழ்த்திகளையும் பாடக் குறுவட்டுகளையும் கொடுத்தது. அதோடு ஆசிரியர் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பென்டிரைவ் தொங்கத் தொடங்கியது. பயிற்சிக்குப் போனால் பாடத்தை அதில் வாங்கி வருவோம். தேர்வுத் தாள்களும் பள்ளிப் புள்ளிவிவரங்களும் அதில்தான் மலையிறங்கின. டிஸ்கட் போய்விட்டது என்று நினைத்த காலத்தில், வைரஸ் மறுபடியும் மனிதர் கையில் ஏறிக்கொண்டது.

புரோன்டோக் வைரசை மலேசியாவில் அந்தக் காலத்தில் கணினி தொட்ட யாரும் மறந்திருக்க முடியாது. 2005-இல் இந்தோனேசியாவில் எழுதப்பட்டது. கோப்புறை போலவே உருவம் காட்டும்; தட்டினால் வைரஸ் ஓடும். அதை நீக்கப் பயன்படும் கருவியைத் திறந்தால் கணினியையே மீண்டும் தொடக்கிவிடும். திரையில் இந்தோனேசிய மொழியில் ஒரு அறிவிப்பு விரியும்: ஊழல்காரர்களையும் போதைப்பொருள் வியாபாரிகளையும் சிறையிலடைக்க வேண்டும், ஆறுகளையும் கடலையும் மாசுபடுத்தக் கூடாது, காட்டை எரிக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு மலாய் தெரியுமாதலால் சத்தமாக வாசித்தார்கள். நல்ல கருத்துகள்தான். அதை எழுதியவர் ஒரு தோட்டப் பள்ளியின் தேர்வுத் தாள்களும் அதில் மாட்டும் என்று நினைத்துப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் மலைப் பள்ளிகளிடையே சில பழக்கங்கள் பரவின. எந்தப் புத்தகத்திலும் இவை இல்லை. ஒரு ஆசிரியரிடமிருந்து இன்னொருவருக்கு வாய்வழியாகப் போனவை. பென்டிரைவைச் செருகும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது அதிலுள்ள எதுவும் தானாக ஓடாது. இரட்டைத் தட்டலில் திறக்கக் கூடாது. எழுத்துத் தடைத் தாழ்ப்பாள் உள்ள பென்டிரைவ் கிடைத்தால் விலை பாராமல் வாங்கிவிட வேண்டும். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டோரன் வித்தை. பென்டிரைவ் வைரஸ்கள் ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற பெயரில் ஒரு கோப்பை எழுதிவைத்துத்தான் தம்மைத் தொடக்கிக்கொண்டன. அதே பெயரில் நாமே ஒரு கோப்புறையை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிட்டால், ஒரே பெயரில் கோப்பும் கோப்புறையும் ஒரே இடத்தில் இருக்க முடியாதென்பதால், பெரும்பாலான வைரஸ்கள் திகைத்து நின்றுவிடும். அதற்கு நினைவகம் வேண்டாம், பட்டியல் வேண்டாம், ஒரு விநாடிகூட வேகம் குறையாது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் எக்ஸ்பி கணினிகளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பி, பென்டிரைவிலிருந்து நிரல் தானாக ஓடும் வசதியையே நிறுத்தியது. அதைப் பத்தாண்டுக்கு முன்பே செய்திருந்தால் எத்தனையோ பழைய கணினிகளின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டியிருந்திருக்காது.

வேறு சில பழக்கங்கள் கெடுதல் செய்தன. ஒரு ஆன்டிவைரஸ் போதாது, இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று கடைக்காரர் ஒருவர் பல தோட்ட அலுவலகக் கணினிகளில் இரண்டிரண்டாகப் போட்டுக் கொடுத்தார். ஒன்று கோப்பைத் திறந்து சோதிக்கும். அது திறந்ததைப் பார்த்து மற்றது சோதிக்கும். ஒன்றின் பட்டியலில் இருக்கும் வைரஸ் அடையாளத்தை மற்றது வைரஸ் என்றே எண்ணிக் கூச்சலிடும். ஒன்றை நீக்கியவுடன் கணினி மூச்சுவிடும். அதற்காக ஒரு கிராணி எனக்கு ஒரு கூடை ஸ்ட்ராபெரி கொடுத்தனுப்பினார்.

உண்மையான விடுதலை பிரிஞ்சாங்கில் ஒரு சைபர் கஃபேயிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்தவன் என் பழைய மாணவன். அவன் கடைக் கணினிகளும் பழையவைதான். இரவு முழுக்க இளைஞர்கள் விளையாடுகிறார்கள், எதை எதையோ செருகுகிறார்கள், ஆனாலும் காலையில் எல்லாம் புதிது போல ஓடுகின்றன. எப்படி என்று கேட்டேன்.

"டீச்சர், இதுல ஆன்டிவைரசே இல்ல. டீப் ஃப்ரீஸ் போட்டிருக்கேன். யாரு என்ன பண்ணாலும் ரீஸ்டார்ட் பண்ணா பழைய மாதிரி ஆயிடும்."

டீப் ஃப்ரீஸ் என்பது கனடாவின் ஃபாரோனிக்ஸ் நிறுவனத்தின் மென்பொருள். வன்தட்டின் நிலையை ஒரு நல்ல நாளில் உறையவைத்துவிடும். அதன் பின் எழுதப்படும் எதுவும் தற்காலிகம்தான், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். வைரஸ் வந்தாலும் அன்றைக்கு மட்டும்தான். மைக்ரோசாப்டும் இதே நோக்கத்தில் ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்து, 2010-இன் முடிவில் நிறுத்திவிட்டது. பொதுக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாப்பை நான் பார்த்ததில்லை. எங்கள் கணினி அறையில் இதைப் போட்ட வாரத்தில் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், "டீச்சர், புது கம்பியூட்டர் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டான். இடர்ப்பாடு இல்லாமலில்லை. பிள்ளைகள் வரைந்த படங்களும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் வன்தட்டில் ஒரு பகுதியை மட்டும் உறையவிடாமல் வைத்தோம். வைரஸ் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். அந்தப் பகுதியை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை நானே சோதிப்பேன். கூப்பிட்டால் வந்து, வேலை முடிந்தால் போய்விடும் காவல். கிராணியின் காலத்து முறைதான்.

தமிழுக்கு வந்த துன்பம் தனி. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கணினித் தமிழ் சீக்கிரமே வந்துவிட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் திரையில் தமிழ் எழுதினார்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வேலை செய்ய வேண்டுமானால், விரல் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து அதைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தர வேண்டும். கடவுச்சொல் திருடும் நிரலும் விசைகளை இடைமறிக்கத்தான் செய்யும். ஆன்டிவைரஸ் பட்டியலை மட்டும் பார்க்காமல் நடத்தையைப் பார்த்தும் சந்தேகப்படத் தொடங்கியபோது, எங்கள் கணினி ஒன்றில் தமிழ்த் தட்டச்சு நிரல் ஒருநாள் காலையில் காணாமல் போனது. தேடினால் ஆன்டிவைரசின் சிறையில் கிடந்தது. வெளியே எடுத்து, இதைத் தொடாதே என்று விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். அடுத்த புதுப்பிப்பில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. செய்யுளும் மொழியணியும் தட்டச்சு செய்ய வந்த பிள்ளைகளிடம், உங்கள் மொழியை இந்த இயந்திரம் திருடன் என்று நினைத்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, இன்றும் போகவில்லை.

நம்மவர்கள் இத்துறையில் இல்லாமலில்லை. சென்னையில் கேசவர்தனன் 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், ஜப்பானிய வீடுகள் வரை போய்ச்சேர்ந்த ஆன்டிவைரசை எழுதியது. இந்தோனேசியாவில் புரோன்டோக்குக்குப் பின் உள்ளூர் இளைஞர்கள் எழுதிய ஸ்மாடாவ் போன்ற சிறிய நிரல்கள் எங்கள் மலைக்கும் பென்டிரைவிலேயே வந்தன. தங்கள் ஊரில் திரியும் வைரஸ்களை மட்டும் குறிவைத்ததால் அவை இலேசாக இருந்தன. எங்கள் கணினிக்கு உலகத்து வைரஸ் அத்தனையின் பட்டியலும் தேவைப்படவில்லை. இந்த வட்டாரத்துப் பென்டிரைவுகளில் திரிவது தெரிந்தால் போதும் என்பதை அந்தச் சிறு நிரல்கள் புரிந்துகொண்டிருந்தன.

பெரிய நிறுவனங்களும் பாரத்தை உணராமல் இல்லை. 2008 செப்டம்பரில் சைமான்டெக் நார்ட்டன் 2009-ஐ வெளியிட்டபோது, ஒரு நிமிடத்துக்குள் நிறுவலாம், நினைவகத்தில் கொஞ்ச இடமே பிடிக்கும் என்பதைத்தான் முன்னால் வைத்து விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டு பாண்டா நிறுவனம் பட்டியலைத் தன் கணினிகளிலேயே வைத்துக்கொண்டு இணையம் வழியே ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. பழைய கணினிகளுக்கு அது இலேசுதான். ஆனால் இணையம் விடாமல் இருக்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்குகளுக்கு அதுவும் பொருந்தவில்லை. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி அனுப்பிய ஒரு புதுப்பிப்பு எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றை வைரஸ் என்று எண்ணி நீக்கியதில், பல நாடுகளில் மருத்துவமனை, அலுவலகக் கணினிகள் ஓயாமல் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தன. அன்றாடம் புதுப்பிக்க முடியாத தோட்டத்துக் கணினிகள் அந்த ஒரு நாள் மட்டும் பிழைத்துக்கொண்டன.

பாதுகாப்பே வேண்டாம் என்பது என் கட்சியன்று. 2017 மே 12-ஆம் தேதி வன்னாகிரை பரவியபோது, புதுப்பிக்காத கணினிகள் எவ்வளவு எளிதில் விழுந்தன என்பதை உலகமே பார்த்தது. கணினி எங்கே இருக்கிறது, எந்த வழியாக அதற்கு ஆபத்து வருகிறது, அதன் முதுகு எவ்வளவு தாங்கும் என்று கேட்ட பிறகு காவல் வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்த மூன்றையும் யாரும் தோட்டத்தில் வந்து கேட்கவில்லை. கிராணிகளும் ஆசிரியர்களும் சைபர் கஃபே பையன்களும் தாங்களே கேட்டுத் தாங்களே பதில் கண்டார்கள். அவர்களில் பலர் இப்போது மலையில் இல்லை. தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். லயங்களில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தன் ஆதரவை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே பள்ளிகளுக்குக் குரோம்புக் மடிக்கணினிகள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றுக்குத் தனி ஆன்டிவைரஸ் தேவையில்லை. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. கைப்பேசி வந்த பின் பிள்ளைகளுக்குக் கணினி அறையின் மேல் பழைய ஆசையும் இல்லை.

ஆனால் கீழேயிருந்து பழைய கணினிகள் ஏறி வருவது நிற்கவில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியிடம் இப்போது இருப்பது ஒரு அலுவலகம் கழித்துவிட்ட விண்டோஸ் 10 கணினி. நான்கு கிகாபைட் நினைவகம், சுழலும் வன்தட்டு. திருவிழா நன்கொடைக் கணக்கைத் திறந்தால் டிஃபெண்டர் வன்தட்டை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும், செயலாளர் ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளைகள் சேர்ந்து காசு போட, ஒரு திண்ம நிலை வட்டு வாங்கி மாற்றினோம். இப்போது ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. முழுச் சோதனையை வெள்ளிக்கிழமை இரவு பூசை நேரத்துக்கு வைத்திருக்கிறேன். அப்போது அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இந்தக் கணினியில் இல்லை. லினக்ஸ் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். பழைய கணக்குத் தாள்கள் எல்லாம் அதில் சரியாகத் திறக்கின்றனவா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, கமிட்டிக் கூட்டத்தில் வைத்து முடிவு சொல்கிறேன் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.